கணவாய்க்குப் பத்துக் கைகள்

ஜூன் 6

சென்னையிலிருந்து பதிப்பாளர் பூரணி இன்று கதையை அனுப்பிவிட்டார். குழந்தைகளுக்கான படப்புத்தகம். ஒரு கணவாய் மீன் குட்டி கடலில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் கைகொடுக்க ஆசைப்படுகிறது. இருக்கும் பத்துக் கைகளில் எதைக் கொடுப்பதென்று அதற்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் கதை. எனக்குப் பிடித்திருக்கிறது. ஜூலை முடிவதற்குள் படங்கள் வேண்டுமாம்.

இந்த முறை காகிதம் கிடையாது. நிறத்தை மாற்ற வேண்டும், சில இடங்களில் எழுத்துக்கு வழிவிட வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் கணினியிலேயே வரையச் சொல்லிவிட்டார். டெல்வின் போன வருடம் கப்பலில் போனபோது சிங்கப்பூரில் வாங்கிவந்த டேப்லெட்டை உறையிலிருந்து எடுத்தேன். அதில் திரை இல்லை, வெறும் கறுப்புப் பலகை. கை கீழே ஓடும், கோடு எதிரே கணினியில் விழும்.

முதல் கையை வரைந்தேன். எறும்பு போன தடம் மாதிரி இருந்தது. காகிதத்தில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே நான் போடுகிற வளைவு அது.

மாலையில் டெல்வின் பேசினார். கப்பல் வளைகுடாப் பக்கம் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறதாம். ஏதோ காகிதம் வரவேண்டுமாம். "ரெண்டு நாள்ல சரியாயிரும், ஜெசி" என்றார். போனை மாமியிடம் கொடுத்தேன். "சாப்ட்டியாய்யா?" என்று ஆரம்பித்து, மகன் காலையிலிருந்து சாப்பிட்டதை எல்லாம் வரிசையாகச் சொல்லவைத்த பிறகுதான் விட்டார்.

ஜூன் 8

பத்துக் கைகளில் ஒன்றுகூட உருப்படவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

பூசை முடிந்து வரும் வழியில் மாமி சீலா மீன் வாங்கினார். பேரம் பேசுகிற அழகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் ஒரு கண்டுபிடிப்பு. வரைகிற மென்பொருளிலேயே நடுக்கத்தைச் சீராக்குகிற வசதி இருக்கிறது. அதை உச்சத்துக்குக் கூட்டினேன். கோடு வழவழவென்று வந்தது. ஆனால் என் கை போய் நின்ற பிறகு, கயிற்றில் கட்டி இழுத்த ஆடு மாதிரி அது பின்னாலேயே ஊர்ந்து வந்து சேர்ந்தது. கணவாயைப் பார்த்தால் பிளாஸ்டிக் பொம்மை. எல்லாக் கோடும் ஒரே தடிமன், ஒரே குணம். அழித்துவிட்டேன்.

டெல்வின் பேசவில்லை. அங்கே சிக்னல் குறைவு என்று மாமியிடம் சொன்னேன். அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஜூன் 13

பூரணியின் அலுவலகத்தில் ஹரிணி என்று ஒரு பெண் இருக்கிறாள். புத்தகங்களின் பக்கங்களை அமைப்பவள். வயது இருபத்து நான்குதான், டேப்லெட்டிலேயே பிறந்தவள். என் திரையை அவளும் பார்க்கும்படி வைத்துக்கொண்டு போனில் பேசினோம்.

"அக்கா, நான் இருக்கறத மறந்துட்டு சும்மா ஒரு கை வரைங்க."

வரைந்தேன். அழித்தேன். வரைந்தேன். அழித்தேன்.

"கன்ட்ரோல் இசட்ட எத்தன வாட்டி அடிச்சீங்கன்னு தெரியுமாக்கா?"

"தெரியல. தப்பாப் போனா அழிக்கணும்லா?"

"தப்பாப் போறதுக்கு முன்னாடியே அழிக்கிறீங்க. அப்பறம், ரொம்ப மெதுவாப் போறீங்க. சைக்கிள மெதுவா ஓட்டுனா ஆடுமில்ல, அது மாதிரிதான் இதுவும். நீங்க கோடு போடலக்கா, கோட்டுக்குக் காவல் இருக்கீங்க."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். படத்தை மிகவும் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வரையக் கூடாது. மணிக்கட்டைத் திருப்பி வரைந்தால் சின்ன வளைவுதான் கிடைக்கும். நீளமான கோட்டுக்குத் தோளிலிருந்து கை முழுவதும் நகர வேண்டும். பேனாவைப் பலகையில் வைக்கும் முன் அதே பாதையில் இரண்டு மூன்று தடவை காற்றில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கண் பேனா முனையில் இருக்கக் கூடாது, கோடு எங்கே போய் முடிய வேண்டுமோ அங்கே இருக்க வேண்டும். சீராக்கும் வசதியைக் கொஞ்சமாக வைத்துக்கொண்டால் போதும்.

"பேனாவ இவ்ளோ இறுக்கிப் பிடிக்காதீங்கக்கா. உங்க கை எனக்குத் தெரியலன்னாலும் அந்த இறுக்கம் கோட்டுல தெரியுது" என்றாள் கடைசியாக.

ஜூன் 17

மேசை உயரமாக இருப்பதால்தான் தோள் நகரவில்லை என்று தோன்றியது. மாமியின் தையல் மிஷின் மேசை தாழ்வானது. கேட்டதும், "எடுத்துக்கோ பிள்ள, அது சும்மாதான கெடக்கு" என்று மிஷினைத் தூக்கி இறக்க அவரே ஒரு பக்கம் பிடித்தார். டேப்லெட்டைத் திரைக்கு நேராக வைத்தேன். அது கொஞ்சம் கோணலாக இருந்ததால் கோடும் இவ்வளவு நாள் கோணலாகப் போயிருக்கிறது. பலகை வழுக்குகிறதே என்று அதன்மேல் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டினேன். பேனாவுக்குக் காகிதத்தின் பிடி கிடைத்தது.

டெல்வின் பேசினார். நீதிமன்றம் கப்பலைப் பிடித்து வைத்திருக்கிறதாம். முதலாளி யாருடைய போனையும் எடுப்பதில்லையாம். கரையில் இறங்க யாருக்கும் அனுமதி இல்லை. "அம்மாட்ட சொல்லாத. நெஞ்சு வலிக்காரி" என்றார். சரி என்றேன்.

பேனா முனையை மாற்றினேன். பழையது தேய்ந்திருந்தது.

ஜூன் 21

காலையில் குழாய்த் தண்ணீர் வந்தது. எல்லாக் குடங்களையும் நிரப்பிவிட்டு உட்கார்ந்தேன். முதல் அரைமணி நேரம் படம் கிடையாது, வெறும் கோடுகள்தான். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. பிறகு வளைவு, பிறகு எட்டு வடிவம். அழிப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு. தப்பான கோட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்ததைப் போட வேண்டும். தோள்பட்டை வலிக்கிறது. நல்ல வலி.

கப்பலில் குடிதண்ணீரை அளந்து கொடுக்கிறார்களாம். ஜெனரேட்டரை மாலையில் மட்டும் போடுகிறார்களாம். அந்த வெயிலில். டெல்வின் அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "மேல்தளத்துல பாய விரிச்சுப் படுத்தா நல்லாத்தான் இருக்கு. நீ வரையுறத சொல்லு."

எட்டு வரைவதைப் பற்றிச் சொன்னேன்.

ஜூன் 30, ஞாயிறு

சாப்பிடும்போது மாமி கேட்டார். "டெல்வின் எப்ப வாரானாம்?"

"ஆகஸ்ட்ல மாமி. ஒப்பந்தம் முடிஞ்சதும்."

மாமி மீனின் நடுத்துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.

நான்கு பக்கம் முடிந்திருக்கிறது. சுமார்.

ஜூலை 5

மாலுமிகள் சங்கத்திலிருந்து போன் வந்தது. தூதரகம் தலையிட்டிருக்கிறது, கப்பலில் இருப்பவர்களை ஊருக்கு அனுப்பப் போகிறார்கள். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

இன்று கணவாய் ஆமைக்குக் கைகொடுக்கிறது. இரண்டு நீளமான கைகளும் பக்கத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போக வேண்டும். காற்றில் ஓட்டிப் பார்த்தேன். பிறகு போட்டேன். போய்விட்டது! ஆரம்பத்தில் மெல்லிசு, வளைவில் தடிப்பு, முடிவில் ஒன்றுமே இல்லாமல் கரைகிறது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். அப்போதும் நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 9

வெள்ளிக்கிழமை வருகிறார்கள். மாமியிடம், டெல்வினுக்கு முன்கூட்டியே விடுப்புக் கிடைத்துவிட்டது என்றேன். "நல்லது" என்றார். அரிசி ஊறவைத்தார். நான் மெத்தை உறை, திரைச்சீலை எல்லாவற்றையும் துவைத்தேன். மொட்டைமாடிக் கொடி நிறைந்துவிட்டது.

படம் வரையவில்லை.

ஜூலை 12, வெள்ளி

மற்றவர்கள் வந்துவிட்டார்கள். டெல்வின் வரவில்லை.

விமான நிலையத்துக்குப் புறப்படுவதற்காகப் புடவை கட்டிக்கொண்டிருந்தபோது பேசினார். கப்பலை ஆளில்லாமல் விடக் கூடாதாம், சட்டமாம். நாலு பேராவது இருந்துதான் ஆகவேண்டுமாம்.

"அந்த நாலு பேர்ல நீங்க ஏன் இருக்கிய?"

"சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க ஜெசி. எம்பேரு வந்துட்டு."

"எத்தன நாளு?"

"தெரியல."

மாமியிடம் விமானம் தள்ளிப்போய்விட்டது என்றேன். அவர் அடுப்பில் இருந்த சட்டியை இறக்கி வைத்தார்.

ஜூலை 13

பேனா முனை மறுபடியும் தேய்ந்துவிட்டது. ஒட்டியிருந்த தாளும் கிழிந்து பலகையில் ஒரு கீறல் விழுந்திருக்கிறது. இந்தச் சாமான்கள் எல்லாம் தரமாக இல்லை.

ஜூலை 18

மத்தியானம் கிளாட்சன் வந்தான். கப்பலில் டெல்வினுக்குக் கீழே வேலை பார்த்தவன், வீரபாண்டியன்பட்டணத்துக்காரன். மனைவி பெனிட்டாவும் கூட வந்தாள். கையில் பிறந்து சில நாளே ஆன குழந்தை. ஆட்டோவில் அவ்வளவு தூரம் ஏன் வந்தீர்கள் என்று மாமி கடிந்துகொண்டார்.

கிளாட்சன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான்.

"அக்கா, நிக்கிற ஆளுகள்ல எம்பேருதான் இருந்துச்சு. இவளுக்கு மாசம் நெருங்கிட்டு. வயித்துல பிள்ள தல திரும்பலன்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. நா ராத்திரி பகலா அழுதுட்டு கெடந்தேன். அண்ணன்தான் கேப்டன்ட்ட போயி எம்பேர அடிச்சிட்டு அவுக பேர எழுதச் சொன்னாவ. நா வேண்டாம்னுதான் சொன்னேன். சத்தியமா சொன்னேன்."

"சீட்டுக் குலுக்கலையா?" என்று கேட்டேன்.

"சீட்டா? எந்தச் சீட்டுக்கா?"

பெனிட்டா அவனைப் பார்த்தாள். அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் செத்துப்போனது.

மாமி குழந்தையை வாங்கி என் மடியில் வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். கனமே இல்லை.

அவர்கள் போனபிறகு மாமியின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். மாமி பின்னால் வந்து நின்றார்.

"கப்பலப் புடிச்சு வச்சிருக்காவன்னு எனக்குப் போன மாசமே தெரியும் பிள்ள. கோயில்ல வச்சு கிளாட்சன் பெரியம்ம சொன்னா."

"பெறவு ஏன் மாமி எங்கிட்ட கேக்கல?"

"நீ மறச்சு வச்சிருந்தத நா எப்பிடிக் கேக்க? நா விழுந்துருவேன்னு நெனச்சிட்டிய. டெல்வின் அப்பா கடலுக்குப் போயி வராமக் கெடந்த நாள்லயும் நா ஒல வச்சவதான்."

அதன்பிறகு மாமி அழுதார். நான் அழவில்லை. பாத்திரம் நிறைய இருந்தது.

ஜூலை 19

அலைபேசி இரண்டு முறை அடித்தது. கையில் பேனா இருந்தது.

ஜூலை 20

இன்றும்.

ஜூலை 21, ஞாயிறு

மாமி தன் போனை எடுத்துவந்து என் மேசைமேல் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். டெல்வின்தான்.

"கிளாட்சன் சொல்லிட்டானாமே" என்றார்.

"ஆமா."

"கோவமா?"

"பிள்ள நல்லாருக்கு. பொம்பளப்பிள்ள. அவன மாதிரியே மூக்கு."

"ஜெசி."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"



"கேட்டிருந்தா நீ விட்டிருக்க மாட்ட."

"விட்டிருப்பேனோ மாட்டேனோ, அது எனக்கே தெரியாது. இனிமே தெரியவும் தெரியாது. அதத்தான் நீங்க எடுத்துட்டிய. கேட்டிருந்தா நானும் சேந்து அந்தப் பிள்ளய அனுப்பி வச்சதா இருந்திருக்கும். இப்ப நீங்க மட்டும் நல்லவரு. நா இங்க கொடியில துணியக் காயப்போட்டுட்டு நின்னவ."

"நீ அழுவன்னுதான் சீட்டுன்னு சொன்னேன்."

"நா அழுதா என்ன? அழக் கூடாதா?"

இணைப்பு அறுந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது போலும். நானும் திரும்ப அழைக்கவில்லை.

மதியம் பக்கம் பதினான்கு. கணவாய் தன் பத்துக் கைகளையும் ஒரே நேரத்தில் நீட்டுகிற பெரிய படம். அரைமணி நேரத்தில் முடிந்தது. ஒரு கோட்டைக்கூட அழிக்கவில்லை. சில இடங்களில் கோடு முரடாக இருக்கிறது. இருக்கட்டும்.

ஜூலை 26

பனிமய மாதா கோயிலில் கொடியேற்றம். கூட்டத்தில் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். தொலைந்துவிடக் கூடாதென்றா, விழுந்துவிடக் கூடாதென்றா தெரியவில்லை. கொடி ஏறும்போது துறைமுகத்திலிருந்து கப்பல்கள் சங்கு ஊதின. மாமி அந்தப் பக்கம் திரும்பவில்லை. நானும்தான்.

"அவன் அப்பாவும் இப்பிடித்தான்" என்றார் வரும் வழியில். "ஊருக்கெல்லாம் செய்வாரு. வீட்டுக்குச் சேதி கடைசியாத்தான் வரும்."

"நீங்க என்ன செஞ்சிய மாமி?"

"நா வாய மூடிட்டேன். நீ மூடாத."

ஜூலை 30

எல்லாப் பக்கங்களையும் அனுப்பிவிட்டேன். சாயங்காலமே பூரணி பேசினார். பதினான்காம் பக்கத்தை அலுவலகத்தில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாராம். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"ஜெசிந்தா, முதல் நாலு பக்கமும் வேற யாரோ வரைஞ்ச மாதிரி இருக்குங்க. கோடு பயந்து பயந்து போகுது. பத்து நாள் கூடத் தர்றேன், திரும்ப வரைய முடியுமா?"

முடியும் என்றேன். எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

ஆகஸ்ட் 5

திருவிழா. சொந்தக்காரர்கள் வந்துபோனார்கள். எல்லோரும் டெல்வினைப் பற்றிக் கேட்டார்கள். மாமி மறைக்காமல் எல்லோரிடமும் நடந்ததைச் சொன்னார். சிலர் டெல்வினைப் புகழ்ந்தார்கள். அப்போதெல்லாம் மாமி, "எம்மருமகளுக்கும் சேத்துச் சொல்லுங்க. வீட்ட இழுத்துட்டுக் கெடக்குறவ அவதான்" என்றார்.

மாலையில் டெல்வின் பேசினார். கப்பலை ஏலம் விட உத்தரவாகிவிட்டதாம். காவலுக்கு அந்த ஊர் ஆட்களையே வைக்கப் போகிறார்களாம். இந்த மாதமே அனுப்பிவிடுவார்கள் என்றார். நான் எதையும் துவைக்கப்போவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"நெறைய யோசிச்சேன் ஜெசி" என்றார். "இங்க வேற வேல என்ன. கிளாட்சன அனுப்புனது தப்பில்ல."

"அத நானும் தப்புன்னு சொல்லல."

"ஒங்கிட்ட கேக்காதது தப்பு. பொய் சொன்னது அதவிடப் பெரிய தப்பு."

வெளியே சப்பரம் போகிற சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி, இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

ஆகஸ்ட் 9

நாலு பக்கத்தையும் புதிதாக வரைந்து அனுப்பினேன். இரண்டு நாள் வேலைதான். ஹரிணி ஒரு கும்பிடுகிற கையை அனுப்பியிருந்தாள், கூடவே ஒரு கேள்வி: "சீராக்குறத எவ்ளோ வச்சிருக்கீங்கக்கா?" போய்ப் பார்த்தேன். எப்போது குறைத்தேன் என்றே தெரியவில்லை, பூஜ்யத்தில் இருந்தது.

ஆகஸ்ட் 23

டெல்வின் வந்துவிட்டார்.

பாதியாகியிருக்கிறார். தாடிக்குள் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. விமான நிலையத்தில் மாமி அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு, "சாப்ட்டியாய்யா?" என்று மட்டும் கேட்டார். நான் பையை வாங்கிக்கொண்டேன். காரில் யாரும் அதிகம் பேசவில்லை. உப்பளம் தாண்டும்போது என் புறங்கையின் மேல் அவர் கையை வைத்தார். சொரசொரவென்று இருந்தது. எடுக்கச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 27

குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் போய் மூட வேண்டியிருக்கிறது.

மத்தியானம் நான் வரையும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அடுத்த புத்தகத்துக்கான மாதிரிப்படம். "கைய வைக்கிறதுக்கு முன்ன காத்துல என்ன எழுதுத?" என்று கேட்டார். "எங்க போகணும்னு கோட்டுட்ட சொல்லுதேன்" என்றேன். சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து நாளாகிறது. போனில் சிரித்தது வேறு.

செப்டம்பர் 14

டெல்வின் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறார். கிளாட்சன் வீட்டில் ஞானஸ்நானத்துக்கு எங்கள் மூவரையும் அழைத்திருக்கிறார்கள். மாமி இப்போதே என்ன புடவை என்று ஆரம்பித்துவிட்டார்.

இன்று காலை நான் மேசையில் இருந்தபோது டெல்வினுக்கு ஒரு போன் வந்தது. மும்பையில் கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட். நல்ல கம்பெனியாம், எண்ணெய்க் கப்பலாம், அடுத்த மாதமே ஏற வேண்டுமாம். அவன் பேசுவது எனக்கே கேட்டது. உடனே முடிவு சொல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவானாம்.

"இருங்க சார்" என்றார் டெல்வின். "வீட்ல கேட்டுத்தான் சொல்ல முடியும்."

அவன் ஏதோ சொன்னான்.

"போட்டா போட்டுக்கோங்க சார். கேக்காம சொல்ல மாட்டேன்."

போனை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன சொல்ல, ஜெசி?"

வேண்டாம் என்று சொல்லலாம். ஆறு மாதம் கழித்துப் போங்கள் என்று சொல்லலாம். போங்கள் என்றும் சொல்லலாம். மூன்றும் என் கையில் இருந்தன.

"கையில ஒரு கோடு இருக்கு. முடிச்சிட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

ஒரே வீச்சில் முடிந்துபோகிற கோடுதான். போட்டேன். நன்றாக வந்தது. அவர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். இன்னொன்றும் போட்டேன்.